மான் உரிக்கப் படித்தது

போன வாரம் சத்வாவில் எங்கள் ரூமுக்குக் கீழே உள்ள கடைக்கு வெங்காயம் வாங்கப் போனேன். கறி வெட்டும் பக்கத்தில் ஒருவர் ஆட்டுக்குடலை அலசிக்கொண்டிருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எடுத்த வெங்காயத்தை அங்கேயே போட்டுவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். "என்னண்ணே, கடை அடைச்சிட்டானா?" என்று ரூம்காரப் பையன் கேட்டான். ஆமாம் என்றேன். குடல் வாடைக்குப் பயந்து ஓடிவந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? எத்தனையோ மான்களின் வயிற்றைக் கிழித்தவன் நான்.

பல வருஷத்துக்கு முன் டிரைவர் விசா என்றுதான் ஏஜெண்ட் என்னை வளைகுடாவுக்கு அனுப்பினான். வந்து பார்த்தால் ஓட்டுவதற்கு இருந்தது தண்ணீர் வண்டி இழுக்கும் ஒரு பழைய டிராக்டர். அல் அய்னுக்கும் அப்பால், மணலுக்கு நடுவே கம்பிவேலி போட்ட பெரிய மஸ்ரா. பண்ணையைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். வேலிக்குள் மான்கள். நம் ஊர்ப் புள்ளிமான் மாதிரி இல்லை. வெள்ளாட்டைவிட ஒல்லி, மணல் நிறம், கண்ணுக்கு மை தீட்டினாற்போல ஒரு கோடு. தீனி போட, தண்ணீர் காட்ட, என்னோடு சிராஜ். தொண்டிக்காரன், என் வயதுதான். அவன் அப்பாவுக்கு ஊரில் கறிக்கடை. நானோ, வீட்டில் கோழி அறுக்கும் ஞாயிற்றுக்கிழமையில் பேப்பர் படிக்கிற சாக்கில் பஸ் ஸ்டாண்டு வரை போய் உட்கார்ந்திருக்கிற வீரன்.

குளிர்காலம் வந்தால் அர்பாபின், அதாவது முதலாளியின், மகன் கூட்டாளிகளோடு வேட்டைக்கு வருவான். வேலிக்குள்ளேயே வேட்டை. முதல் தடவை வெடிச்சத்தம் கேட்டதும் சிராஜ் பிக்கப்பிலிருந்து குதித்து ஓடினான். உயிர் இருக்கும்போதே இறைவன் பேர் சொல்லி அறுக்க வேண்டும். அது அவன் வேலை; நான் அறுத்தால் அவர்களுக்கு ஆகாது. அதற்குப் பின்னால் உள்ள வேலையை யார் செய்தாலும் ஒன்றுதான். அது என் தலையில் விழுந்தது.

"நெஞ்செலும்பு முடியுற எடத்துல கைய வை மாப்ள," என்றான் சிராஜ். "ரெண்டு வெரல உள்ள விட்டுத் தோலத் தூக்கிப் புடி. கத்திக் கூர் மேல பாத்து இருக்கணும். கீழ பாத்துச்சு, குடல் கிழிஞ்சிரும். அப்புறம் கறி நாய்க்குத்தான்."

அவனே பின்னால் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். வயிறு திறந்தது. காலைக் குளிரில் உள்ளிருந்து ஆவி எழுந்தது. குடல் முனையை முடிச்சுப் போட்டோம். மூத்திரப்பையையும் பித்தப்பையையும் உடையாமல் எடுப்பதுதான் கஷ்டம். முழங்கை வரை உள்ளே விட்டு மூச்சுக்குழலை அறுத்து இழுத்தால் எல்லாம் ஒன்றாகச் சரிந்து வந்துவிடும். வெளியே விரல்கள் மரத்துப்போயிருந்தன. உள்ளே வெந்நீரில் விட்டதுபோல அவ்வளவு இதம். அந்த இதம்தான் தாங்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அழுதுக்கிட்டே மான் உரிக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன்," என்று சிராஜ் சிரித்தான்.

இரைப்பையைத் திறந்தபோது பச்சைப்பசேலென்று குதிரைமசால். முந்தின நாள் மாலை நான் அள்ளிப் போட்டது.

பெரியவர், அர்பாப், நல்ல மனிதர். எங்களையும் ஒரே தட்டில் சேர்த்துக்கொண்டு ஈரல் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் சோற்றை மட்டும் தின்றேன். அதன் பிறகு சில குளிர்காலங்கள் போயின. கை பழகிவிட்டது. ஈரலும் தின்னப் பழகிவிட்டேன். மனிதன் எதற்குத்தான் பழகமாட்டான்?

அர்பாப் இறந்தார். பிள்ளைகளுக்குள் இடத்துக்குச் சண்டை. யார் செலவு செய்வது என்று தீனி லாரி நின்றது. கோடை உச்சத்தில் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. வேட்டைக்கு வரும் மகனுக்குப் போன் செய்தால் வெளிநாட்டில் இருந்தான். "புக்ரா, புக்ரா" என்பான். நாளை என்று அர்த்தம். டீசல் இருந்தவரை ரோட்டோரத் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்தோம். டீசல் தீர்ந்ததும் கேன்களைத் தோளில் சுமந்தோம். தொட்டியில் ஊற்றிய சத்தம் அடங்குவதற்குள் தொட்டி காய்ந்துவிடும்.

மான்கள் விழத் தொடங்கின. மறுபடி போன் செய்தோம். "விழுவதை அறுத்துக் கேம்ப்புக்குக் கொடு. கலாஸ், முடிந்தது," என்று போனை வைத்துவிட்டான்.

"தாகத்துல துடிக்க விடுறதுக்கு இது மேல் மாப்ள," என்றான் சிராஜ். அவன் அறுத்தான், நான் வயிற்றைத் திறந்தேன். உள்ளே பச்சை இல்லை. மணல். தீனிச் சாக்கின் நீல நூல், பந்து பந்தாக. ஒன்றின் வயிற்றில் பிளாஸ்டிக் பை மடிந்து கிடந்தது. அடுத்ததிலும் அப்படித்தான். அந்த வெயிலில் கேம்ப்புக்குப் போய்ச் சேருமுன்பே கறி நாறிவிட்டது. அவர்கள் வேண்டாம் என்றார்கள். அங்கேயே குழி தோண்டினோம். சிராஜ் கத்தியையும் குழிக்குள் போட்டு மூடினான்.

மீதி இருந்த கொஞ்ச மான்களுக்காகக் காலையில் வேலிக் கதவைத் திறந்துவிட்டோம். எங்காவது போய்ப் பிழைக்கட்டும். கதவு வரை வந்தன. வெளியே மோந்து பார்த்தன. திரும்பி எங்களிடமே வந்தன. எங்கள் முகத்தை அல்ல, கைகளைப் பார்த்தன. வாளி இருக்கிறதா என்று.

"போ! எங்கிட்ட ஒண்ணுமில்ல, போ!" என்று சிராஜ் கத்தினான். மணலை வாரி அவற்றின் மேல் எறிந்தான். அப்போதும் அவை போகவில்லை. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

இரண்டொரு நாளில் வேறு வேலைக்கென்று எங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த மான்கள் என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது. தெரியும், சொல்ல வரவில்லை.

சிராஜ் பிறகு குவைத் போய்விட்டான். மங்காஃபில் ஒரு துணிக்கடையில் வேலை. பெருநாளுக்கும் பொங்கலுக்கும் போன் செய்துகொள்வோம். சாப்பிட்டாயா என்பான். சாப்பிட்டேன் என்பேன். அப்புறம் போனை வைத்துவிடுவோம். கடைசியாகப் பேசியபோது, "உன் கொரலக் கேட்டா அதுதான் மாப்ள கண்ணுக்கு வருது. கோவிச்சுக்காத," என்றான். நான் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கும் அதுதான் வந்துகொண்டிருந்தது. அன்றோடு விட்டுவிட்டோம்.

இப்போது நான் வேன் ஓட்டுகிறேன். இந்தத் தடவை அனுப்பிய ஏஜெண்ட் பொய் சொல்லவில்லை. சாமான் இறக்கும் டியூட்டியில் போன மாதம் அந்த மஸ்ரா இருந்த பக்கம் போனேன். வரிசையாக வில்லாக்கள். வாசல்தோறும் புல்வெளி. ஆளே இல்லாத புல்லின் மேல் தண்ணீர் சுழன்று சுழன்று பீய்ச்சியடிக்கிறது. மிஞ்சியது ரோட்டில் ஓடுகிறது. வேலி எங்கே இருந்தது, நாங்கள் படுத்த தகரக் கொட்டகை எங்கே இருந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. குழி இருந்த இடம் எந்த வீட்டின் அடியில் என்றும் தெரியவில்லை. பார்சலை வாங்க வந்த சின்னப் பெண்ணிடம் ஏதோ ஒரு வேகத்தில், "இங்கே முன்னால் மான் இருந்தது," என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, சிரித்தபடி கதவைச் சாத்திக்கொண்டாள்.