பெரியப்பா வைக்க வந்த சேனை

மூக்கைச் சிந்தின கையை வேட்டியில தொடச்சிக்கிற ஆம்பளையைக் கண்டா இன்னிக்கும் எனக்குக் கொமட்டும். அதுக்குக் காரணம் எங்க பெரியப்பா. நைனாவுக்கு அண்ணன், செஞ்சி கடைத்தெருவுல மளிகைக்கடை வச்சிருந்தாரு. எங்க தெருவுல எந்தக் குழந்தை பொறந்தாலும் அவருதான் சேனை வைக்கணும். சக்கரைத் தண்ணியில விரலைத் தொட்டு, பொறந்த குழந்தை நாக்குல மொதல் ருசியா வைக்கிறது. வைக்கிறவங்க குணம் குழந்தைக்கு வரும்னு நம்புவோம். அவரு குணத்துல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா நாள் முழுக்கப் பொடி போட்டுப் போட்டு அந்த ரெண்டு விரலும் நகக்கண் வரைக்கும் பழுப்பேறி இருக்கும்.

அறுபதுகளோட கடைசி அது. மொதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். ரெண்டு வீடு தள்ளி என்னோட பள்ளிக்கூடம் போனவ ஒருத்தி, அவளும் நிறைமாசம். ஊரெல்லாம் ஃப்ளூ காய்ச்சல். பஸ் ஸ்டாண்டுல எறங்குறவன் எல்லாம் இருமிக்கிட்டே எறங்குவான், காறி அங்கியே துப்புவான், அதை மிதிச்சிக்கிட்டுத்தான் நாம நடக்கணும். சீ.

என்னைப் பார்க்க வந்த நர்சம்மாகிட்ட, "இதுக்கு ஊசி இல்லியா?"ன்னு கேட்டேன்.

"வெளிநாட்டுல இருக்குதாம். நம்மூருக்கு வரல. குழந்தை பொறந்ததும் இருமுறவங்க யாரா இருந்தாலும் உள்ள விடாத. பச்சப் புள்ள தாங்காது" அப்படின்னாங்க.

ஆனா கடைத்தெருக்காரங்களுக்கு மட்டும் ஊசி கெடைச்சிட்டுது. ஒரு கம்பவுண்டர், ஃப்ளூவே அண்டாதுன்னு சொல்லி எதையோ போட்டுக்கிட்டிருந்தான். வெறும் சத்து ஊசின்னு நர்சம்மா தலையில அடிச்சிக்கிட்டாங்க. நானும் ஒருநாள் போயி எட்டிப் பார்த்தேன். அத்தினி பேருக்கும் ஒரே ஊசி. ஆறிப்போன தண்ணியில ஒரு முக்கு, ரத்தக்கறை புடிச்ச பஞ்சுல ஒரு தேய்ப்பு, அடுத்த கை. முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன். பெரியப்பா அந்த வரிசையில மூக்கை உறிஞ்சிக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தாரு.

எனக்குப் பையன் பொறந்த அன்னிக்குக் காலையிலேயே வந்துட்டாரு. கண்ணு செவந்து கெடக்குது, மூக்குலேர்ந்து ஒழுகுது. வாசப்படியிலேயே ஒரு இருமல். அம்மா வெள்ளிக் கிண்ணத்துல சக்கரைத் தண்ணியோட காத்துக்கிட்டிருந்தாங்க.

"பெரியப்பா, உங்களுக்கு ஜுரம் இருக்குது போல. அப்புறமா வைங்களேன்" அப்படின்னேன்.

"எனக்கா? ஊசி போட்டுக்கிட்டேம்மா. எனக்கும் ஒட்டாது, என்னால யாருக்கும் ஒட்டாது" அப்படின்னு சொல்லி மூக்கைச் சிந்தி, கையை வேட்டியில தொடச்சி, அதே விரலைக் கிண்ணத்துல விட்டாரு. தண்ணியில பழுப்பா ஏதோ பிரிஞ்சி கலந்துது. நான் கண்ணால பார்த்தேன். அந்த விரல் சொட்டச் சொட்ட என் புள்ள வாய்க்கிட்ட வருது.

குழந்தையை மாரோட அணைச்சிக்கிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன். "வேணாம். என் புள்ளைக்கு என் குணமே வரட்டும்."

"இன்னா பேச்சுடி இது, பெரியவருகிட்ட?" அம்மா கையப் பெசஞ்சாங்க. பெரியப்பா விரலைத் துண்டுல தொடச்சிக்கிட்டு வெளிய போயிட்டாரு. அப்பாடான்னு இருந்துது எனக்கு. பையனுக்குப் பால் குடுத்தேன்.

நேரா ரெண்டு வீடு தள்ளி, என்னோட படிச்சவ வீட்டுக்குத்தான் போயிருக்காரு. அவளுக்கும் அன்னிக்கு விடிகாலையில பொண்ணு பொறந்திருந்துது. அவரு இருமல் எனக்கு ஜன்னல் வழியா நல்லாவே கேட்டுது. "வாங்க, வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்"னு அவங்க வீட்டுல சொன்னதும் கேட்டுது. அம்மா பக்கத்துலதான் நின்னாங்க. ஓடிப்போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கன்னு நான் சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே ஒரு பெரிய மனுஷரை நோகடிச்சாச்சு, நமக்கேன் வம்புன்னு வாயை மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன்.

நாலாம் நாள் அந்தக் குழந்தைக்கு ஜுரம். பால் குடிக்கல. ஆறாம் நாள் போயிடுச்சு. அவரு விரலாலதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஊரெல்லாம்தான் ஃப்ளூ. தெருவுல யாருக்கும் அப்படி ஒரு சந்தேகமே வரல. அடுத்த மாசம் எதிர் வீட்டுல குழந்தை பொறந்ததும் பெரியப்பாவைத்தான் கூப்பிட்டாங்க.

பொண்ணு போயி பதினாறு நாள் கழிச்சி அவ என் பையனைப் பார்க்க வந்தா. வாங்கி மடியில வச்சிக்கிட்டு, "உம்புள்ளைக்கு யாருடி சேனை வச்சது?"ன்னு கேட்டா.

பெரியப்பாதான்னு சொன்னேன்.