பூமி ஆடியபோது விழுந்த முத்து

புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்த்தால் வறுத்த பயறு மாதிரி ஒரு வாசனை வரும், கூடவே கொட்டை நெருப்பாய்ச் சுடும். சுடச்சுட அதைப் பக்கத்தில் இருப்பவர் முழங்கையில் ஒற்றிவிட்டு ஓட வேண்டும் என்பது உலகத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். கோரமண்டல் தங்கச் சுரங்கத்தை ஒட்டி வரிசையாய்க் கட்டியிருந்த தொழிலாளர் வீடுகளில், எங்கள் லைனில், மட்டும் அப்படி ஓட முடியாது. தேய்த்த கொட்டைகளை, நாங்கள் 'முத்து' என்போம், 'மேஸ்திரி'யிடம் ஒப்படைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

மேஸ்திரி என்றால் சுரங்கத்து மேஸ்திரி இல்லை, மூன்றாவது வீட்டுக் கௌதமன். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும், அவனுக்கு என்னைவிட ஒரு வயது கூடுதல். அந்த ஒரு வயதை வைத்துக்கொண்டு அவன் செய்த அதிகாரத்தைச் சொல்லி முடியாது. 'கோட்டை எறங்கறது' என்று ஓர் ஆட்டத்தை அவனே உண்டாக்கியிருந்தான். மற்ற ஊர்ப் பிள்ளைகள் கோட்டை கட்டினால் மேலே ஏறுகிற மாதிரி கட்டுவார்கள். எங்கள் அப்பாக்களோ வேலைக்கென்று பூமிக்குள் இறங்கிப் போகிறவர்கள், அதனால் எங்கள் கோட்டையும் கீழ்நோக்கியே போயிற்று. கௌதமன் வீட்டு முன்னறைத் தரையில், சுவரில் மாட்டியிருந்த புத்தர் படத்துக்கு நேர் கீழே, அடுப்புக்கரியால் 'லெவல் லெவலாக'க் கோடு போட்டு, பக்கவாட்டில் ஆட்களை ஏற்றி இறக்குகிற இரும்புக் கூண்டு, 'கேஜ்', போகிற பாதையும் வரைந்திருப்பான். ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு பூதம். கடைசி லெவலில் தங்கம் இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. எங்கள் ஊர்த் தங்கத்தை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்தது கிடையாது, அதனால் அதன்மேல் எங்களுக்கு ஆசையும் கிடையாது. கடைசி லெவலில் கௌதமன் வைத்திருந்தது ஒரு குடம் பாயசம்.

நான் வைத்தியக்காரி. விழப்போகிறவருக்கு உயிர் கொடுக்கலாம், ஆனால் கத்தியைத் தொடக் கூடாது. என் தம்பி மணி வில்லாளி, மேல் லெவலில் நின்றே கீழே அம்பு விடுவான், பூதம் பக்கத்தில் வந்துவிட்டால் ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்த வீட்டுப் பேபி, பெயர்தான் பேபி, எங்கள் எல்லாரையும்விட முரடு, அவளுடைய ஆள் 'சூரப்புலி' என்கிற வாள்வீரன். ஒவ்வொருவர் முன்னாலும் சில கூழாங்கற்கள் இருக்கும், அவைதான் 'உசிரு'. பூதம் அடிக்கும்போது கௌதமன் ஐந்து முத்துகளை உருட்டுவான். எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை உசிரு போகும். ஐந்தும் வெள்ளை என்றால் அது 'முழு அடி', இருக்கிறதெல்லாம் போய்விடும்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. ஆடும்போது ஒவ்வொரு உருட்டலுக்கும் ஒரு வழக்கு நடக்கும். கேஜுக்குள் நின்றபடி அம்பு விடலாமா, வைத்தியக்காரி தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொள்ளலாமா, பூதமும் வீரனும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டால் முதலில் விழுவது யார் என்று கேட்டுக் கேட்டே சாயங்காலம் ஆகிவிடும். கௌதமன் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான். அழுதாலும் மாற்றமாட்டான், வேர்க்கடலை கொடுத்தாலும் மாற்றமாட்டான், கடலையைத் தின்றுவிட்டு மாற்றமாட்டான். "சொல்லிட்டு எறி, எறிஞ்சிட்டு சொல்லாத" என்பது அவன் வேதவாக்கு. அவன் அம்மா முறத்தோடு எங்களைத் தாண்டிப் போகும்போது, "புளியங்கொட்டைக்கு வாய் இருந்தா உங்கள பாத்து அழும்டா" என்பார்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தோம். சூரப்புலி மட்டும் துணிந்து எங்களையெல்லாம் விட்டு ஐந்தாம் லெவலுக்கு இறங்கிவிட்டான். என் வைத்தியம் அங்கே எட்டாது, மணியின் அம்பும் எட்டாது. "தனியா போவாதடி" என்று சொன்னேன், கேட்கிற ஜாதியா அவள். பூதத்தின் முறை வந்தது. கௌதமன் முத்துகளைக் கையில் குலுக்கி உருட்டினான். அவை தரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பூமி ஆடியது.

அது எங்களுக்குப் புதிதில்லை. பூமிக்கடியில் பாறை வெடித்துச் சரிந்தால் மேலே வீடுகள் குலுங்கும். 'ஏர்பிளாஸ்ட்' என்பார்கள். அலமாரியில் தட்டுகள் கலகலக்கும், கைக்குழந்தை விழித்து அழும், அம்மாக்கள் வேலையை நிறுத்தி ஒரு நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள், பிறகு குழம்பைக் கிண்டப் போவார்கள். அன்றைக்குக் கொஞ்சம் பலமாகவே ஆடியது. அடுக்கிலிருந்து ஒரு சொம்பு உருண்டு விழுந்தது. நாங்களோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து முத்துகளும் வெள்ளையாய்க் கிடந்தன.

"செல்லாது. பூமி ஆடிச்சி, அதனால பொரண்டுச்சி" என்றாள் பேபி.

"வுழுந்தது வுழுந்ததுதான். எறிஞ்சது நானு, ஆட்னது பூமி. அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றான் கௌதமன்.

இருவரும் கத்திக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. ஷிப்ட் மாறுகிற நேரம் இல்லை. நின்று, மறுபடி ஊதியது, மறுபடியும் ஊதியது. லைனில் கதவுகள் படபடவென்று திறந்தன. கௌதமனின் அம்மா வாசலுக்கு ஓடினார், யாரோ தெருவில் எந்த ஷாஃப்ட், எந்தச் சுரங்கக் குழி என்று சொல்லிக்கொண்டு போனார்கள். பேபியின் அப்பா அந்த ஷாஃப்டில்தான் காலை ஷிப்டுக்கு இறங்கியிருந்தார். கீழே பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை அவருக்கு. பேபியின் அம்மா முந்தானையில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போகிற போக்கில் உள்ளே எட்டிப் பார்த்து, "புள்ளைங்க இங்கியே இருங்க, எங்கியும் வராதீங்க" என்றார்.

எங்கள் லைனில் ஒரு பழக்கம் உண்டு. கீழே ஆள் சிக்கிக்கொண்டால் கேஜ் மேலே வரும்வரை யார் வீட்டிலும் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். போனவரைப் பற்றி 'இருந்தாரு' என்று யாரும் பேசமாட்டார்கள். இறங்கும்போது ஒவ்வொருவரும் எடுத்துப் போகிற டோக்கன் திரும்பிவந்து பலகையில் மாட்டப்படும்வரை அவர் 'கீழ கீறாரு'. ஒரு நாளானாலும் சரி, ஒரு வாரமானாலும் சரி, அவர் கீழேதான் இருக்கிறார். அப்படித்தான் சொல்வார்கள்.

பேபி அழவில்லை. ஐந்து வெள்ளையையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அவள் மனசில் ஓடுவது புரிந்துவிட்டது. பூமி ஆடிய அந்த நொடியில், ஐந்தாம் லெவலில், தனியாக. மணி சின்னவன், அவனுக்குக்கூடப் புரிந்துவிட்டது. "அக்கா, திரும்ப எறியச் சொல்லுக்கா" என்று என் பாவாடையை இழுத்தான்.

"திரும்பல்லாம் எறிய வேணா" என்றாள் பேபி. பிறகு கௌதமனைப் பார்த்துக் கேட்டாள்: "மேஸ்திரி, சூரப்புலி செத்துட்டானா இல்லியா? நெஜமா சொல்லு."

அந்த இடத்தில் நானாக இருந்தால் உடனே ஆட்டத்தைக் கலைத்துவிட்டு, சும்மா விளையாட்டுதானே என்று சொல்லியிருப்பேன். அவள் நம்பியிருக்க மாட்டாள். கௌதமன் எதையும் கலைக்கவில்லை. ஐந்து முத்துகளையும் எண்ணினான், தெரிந்ததையே மறுபடி எண்ணினான். அவள் முன்னாலிருந்த கூழாங்கற்களை எல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். எனக்கு அவன் கையைக் கடித்துவிடலாம் போல இருந்தது.

"உசிரு அவ்ளோவும் பூட்ச்சி. சட்டப்படி வுழுந்துட்டான்" என்றான். இழுத்த கற்களை ஒன்றாய்க் குவித்தான். "ஆனா வுழுந்தவன் வேற, செத்தவன் வேற. மேல கொண்டாந்து பாத்தாத்தான் அது தெரியும். மேல வராதவன செத்தான்னு சொல்ல மேஸ்திரிக்கே பவர் இல்ல. அவன் கீழ கீறான்."

இந்தச் சட்டம் அதற்கு முன்னால் எங்கள் ஆட்டத்தில் இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் மணியின் முதல் வில்லாளி விழுந்து, செத்தான் என்று தீர்ப்பாகி, மணி இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தான். அதை மணியும் வாயைத் திறந்து சொல்லவில்லை. பேபி கௌதமனின் முகத்தையே பார்த்தாள். கல்லை எல்லாம் பிடுங்கிக்கொண்டவன் சொல்கிறான் என்பதால்தான் அவள் நம்பினாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"அப்ப யாரு போயி தூக்கறது?" என்றாள்.

"எல்லாருந்தான்" என்றேன் நான்.

அந்த மத்தியானம் முழுக்க நாங்கள் இறங்கினோம். ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஏறினால் விழுகிற ஒவ்வொரு வெள்ளைக்கும் இரண்டு உசிரு போகும் என்று கௌதமன் அப்போதே சட்டம் போட்டான், எதையும் லேசாக்கிக் கொடுக்கவில்லை. நானும் மணியும் எங்கள் கற்களைப் பூதங்களுக்கு இழந்துகொண்டே ஐந்தாம் லெவலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பேபிக்கு ஆள் இல்லை, அதனால் அவளுக்குக் கேஜ் இழுக்கிற வேலை. லைன் முழுக்கப் புகை இல்லாமல் இருந்தது.

சூரப்புலியோடு இரண்டாம் லெவலில் நின்றபோது பேபியின் அம்மா வந்தார். வெயில் இன்னும் சாயவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து, கொஞ்சநேரம் மூச்சு வாங்கிவிட்டு, "மேல வந்துட்டாரு. கால்லதான் அடி. ஆசுபத்திரிக்கு தூக்கினு போறாங்க, வா" என்றார். பேபி எழுந்து ஓடினாள். கௌதமன் தலையைக் குனிந்துகொண்டு கரிக்கோடு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தான், கோடு நன்றாகத்தான் இருந்தது. அவன் அழுததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

பேபி திரும்பிவரச் சில நாட்கள் ஆயின. அதுவரை அந்தத் தரையை யாரையும் தொட விடவில்லை அவன். முன்னறையைக் கழுவ வந்த அவன் அம்மா, "இன்னாடா இது, சொந்த வூட்ட கழுவறதுக்கு உங்கிட்ட பர்மிசன் கேக்கணுமா?" என்று திட்டிவிட்டு, கோட்டையைச் சுற்றிச் சுற்றி ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனார். பேபி வந்தாள், சூரப்புலியை மேலே கொண்டுவந்தோம், வைத்தியக்காரி என்கிற முறையில் நான் அவனுக்கு இரண்டு கல் கொடுத்தேன். மணியின் அந்த முதல் வில்லாளியையும் போய்த் தூக்கி வந்தோம். அதன்பிறகு எங்கள் கோட்டையில் எத்தனையோ பேர் விழுந்தார்கள், ஒருவரும் சாகவில்லை.

இப்போது அந்த ஷாஃப்டுகளை மூடிவிட்டார்கள். லெவல்களில் தண்ணீர் நிரம்பிவிட்டது என்கிறார்கள். சங்கும் இல்லை, டோக்கன் பலகையும் இல்லை, விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஏர்பிளாஸ்ட் என்றால் என்னவென்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. மணியின் மகனும் அப்படிப் போய்வருகிறவன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதர்களோடு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பல முகம் வைத்த பகடைகளை உருட்டி, வீரனும் மந்திரவாதியுமாய்ப் பாதாளக் கோட்டைக்குள் இறங்குகிற ஓர் ஆட்டம் ஆடுகிறான். செங்கல் கனத்துக்கு ஒரு சட்டப் புத்தகம் வேறு. நாங்களும் ஆடியிருக்கிறோம் என்றதும் ஆசையாய்ப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சட்டமாகக் கேட்டான். உயிர் தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்று கேட்டான், சொன்னேன்.

சிரித்துவிட்டான். "இன்னா அத்தை, அப்ப யாருமே சாக மாட்டாங்களே. அது இன்னா கேம்?"

ஆமாம் கண்ணு, எங்களுக்கு அந்த ஆட்டம்தான் வேண்டியிருந்தது என்றேன்.