அவன் லாகினில் ஓடிய தளம்

காலை ஒன்பது பத்துக்கு முதலில் கண்ணில் பட்டது, என்னோடு வேலை பார்த்தவன் பக்கத்து நாற்காலியில் தொங்கவிட்டிருந்த ஸ்வெட்டர். முந்தின நாள்தான் முடிச்சூரில் அவனை எரித்துவிட்டு வந்திருந்தோம். மாரடைப்பு. சிறுசேரி அலுவலகத்தில் ஏசி வழக்கம்போல் அதிகம்.

நானும் அவனும் கவனித்துவந்த, டாக்டர்கள் ஸ்கேன் படங்களைப் பார்க்கும் ஒரு ஸ்கேன் மையத்தின் இணையதளம் அன்று திறக்கவில்லை. தாம்பரத்திலிருந்து அந்த மையத்தின் வரவேற்புப் பெண் அழைத்தார்.

“சார், ஒரு அம்மாவுக்கு தலையில ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்கேன பாக்காம ஆபரேஷனுக்கு எடுக்க மாட்டேன்றாரு. வாட்ஸ்அப்புல அனுப்புனா, இதென்ன கல்யாண போட்டோவான்றாரு. அவங்க பையன் இங்க வந்து நின்னுகினு கீறாரு.”

காரணம் எனக்குத் தெரியும். சர்வரில் ஓடும் தளத்துக்கு, எந்த மனிதருக்கும் சொந்தமில்லாத ஒரு கணக்கு வேண்டும். சர்வீஸ் அக்கவுண்ட் என்போம். ஆரம்பித்த அவசரத்தில் அவன் தன் சொந்த லாகினையே கொடுத்து ஓட்டிவிட்டான். “அப்புறம் மாத்திக்கலாம் மச்சான்” என்றான். இந்த வேலையில் எல்லோரும் சொல்வதுதான். இப்போது அவன் லாகின் போனதும் தளமும் நின்றுவிட்டது.

மேலாளர் பின்னால் வந்து நின்றார்.

“அவர் ஐடியையே திரும்பக் கொண்டுவர முடியாதா?”

“ஹெச்ஆர் அழிச்சிட்டாங்க சார்.”

“அதுக்குள்ளயா?”

“லேப்டாப்பையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

தளத்தை சர்வீஸ் அக்கவுண்டுக்கு மாற்றினேன். பக்கம் திறந்தது. மையத்தில் அந்த அம்மாவின் ஸ்கேனை ஏற்றியபோது அனுமதி இல்லை என்றது. படங்கள் சேரும் ஃபோல்டரில் எழுதும் உரிமை அவனுக்கு மட்டும்தான் இருந்தது.

“எல்லாருக்கும் திறந்து விட்டுடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் மேலாளர். நோயாளிகளின் படங்கள் சார், என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

அனுமதிப் பட்டியலைத் திறந்தேன். அவன் பெயருக்குப் பதில் நீண்ட எண் ஒன்று இருந்தது. அழித்த கணக்கை விண்டோஸ் அப்படித்தான் காட்டும். அதன் கீழே சர்வீஸ் அக்கவுண்டைச் சேர்த்தேன். படிக்கவும் எழுதவும் டிக் செய்தேன். ஓகே கொடுத்தேன். ஸ்கேன் ஏறியது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் மறுபடி அழைத்தார். “உள்ள எடுத்துட்டாங்க சார். எப்பவும் பேசற அண்ணா இன்னிக்கு லீவா?”

அவன் இறந்துவிட்டதைச் சொன்னேன். எதிர்முனையில் யாரோ டோக்கன் கூப்பிட்டார்கள். பிறகு, “சரி சார்” என்று வைத்துவிட்டார்.

அறுவை சிகிச்சை மதியம்வரை நடந்தது. அந்த அம்மா பிழைத்தார்.