தொட்டி நிழலில் தப்பிய நாற்றுகள்

சோமனூரை விட்டு அவிநாசிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். முதுகில் துணிப்பை, கையில் ஒரு முட்டை அட்டை. அதன் குழிகளில் கொஞ்சம் மிளகாய் நாற்று. மொபெட்டில் வந்தவர் வேகத்தைக் குறைத்து, "ஏனுங்க, என்ன நாத்துங்க அது?" என்றார். சொன்னேன். "பதனமாப் போங்க" என்று சொல்லிவிட்டு, பின்சீட்டு காலியாக இருந்தும் ஏற்றிக்கொள்ளாமல் போய்விட்டார். எங்கள் ராமநாதபுரம் பக்கமென்றால் "ஏறித் தொல" என்று திட்டிக்கொண்டே ஏற்றிப்போவார்கள்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். ஓசூர், சூலூர் என்று சுற்றிக் கடைசியில் சோமனூரில் விசைத்தறி ஓட்டினேன். தறிச் சத்தத்தில் ஒரு காது போனது. மற்றதைக் காப்பாற்ற வேறு பிழைப்பு வேண்டியிருந்தது; நாற்று வளர்த்து விற்க நினைத்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த குண்டு மிளகாய் வற்றலை உடைத்து விதை எடுத்தேன். அழுகிய தக்காளியைக் காய்கறிக் கடையில் சும்மா கொடுத்தார்கள். மளிகைக் கொத்தமல்லியை இரண்டாக உடைத்துப் போட்டேன். டீக்கடைக் காகிதக் கப்புகளில் ஓட்டை குத்தி, கயிற்று மில் வாசலில் கிடந்த தேங்காய் நார்த்தூளை நிரப்பினேன். தூளைப் பலமுறை அலசாவிட்டால் உப்பு நாற்றைக் கருக்கிவிடும். முதல் ஈடு அப்படித்தான் கருகியது. எங்கள் ஊரில் கரிசலில் விதையை வீசிவிட்டு வானத்தைப் பார்ப்போம். இங்கே விதைக்கு ஒரு கப்.

நான் வாடகைக்கு இருந்த அறையின் வீட்டுக்கார அக்காதான் மாடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். நாற்று விரல் நீளம் வந்தபோது, "கண்ணு, செவுத்துல தண்ணி எறங்குதுங்க" என்றார், சிரித்துக்கொண்டே. பிறகு இன்னொரு நாளும் அதையே சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வழக்கம்போல ஊற்றினேன். எங்கள் பக்கம் கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும். இங்கே யாரும் கத்தவில்லை. அதனால் கோபமில்லை என்று நினைத்தேன்.

நாற்றைச் சந்தைக்குக் கொண்டுபோக இருந்த வாரம், மாடிக் கதவைப் பூட்டிவிட்டு அக்கா வீட்டார் வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். போன் செய்தேன்.

"அக்கா, செடி காயுதுக்கா. சாவி யாருகிட்ட இருக்கு?"

"எங்கிட்டத்தானுங்க. சாப்ட்டீங்களா?"

"தண்ணி மட்டும் ஊத்தணும்க்கா."

"நாந்தா ரெண்டு தடவ சொன்னேனுங்களே, கண்ணு. போன வெச்சுப்போடட்டுங்களா?"

சித்திரை வெயில். கைப்பிடிச் சுவரில் வரிசையாக இருந்த கப்புகள் தெருவிலிருந்தே தெரிந்தன. முதலில் தக்காளி தலை சாய்ந்தது, அப்புறம் மிளகாய். மக்கில் தண்ணீர் மொண்டு மேலே வீசினேன். அவர்களுடைய சுவர்தான் நனைந்தது.

திரும்பி வந்தவர் கதவைத் திறந்துவிட்டார். கப் போதாமல் முட்டை அட்டையில் போட்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்திருந்த மிளகாய்க்கு மட்டும் உயிர் இருந்தது. "குப்பையக் கூட்டிப்போட்டு ரூமையும் காலி பண்ணிக்குங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்று மோர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை, அவிநாசிக்கு வெளியே ஒரு நாற்றுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தேன். பச்சை வலைக்கடியில் குழித்தட்டுகள். சில குழிகளில் இரண்டு முளைத்திருந்தன. "குழிக்கு ஒண்ணுதானுங்க. எளச்சதக் கிள்ளிப் போடுங்க" என்றார் மேஸ்திரி. என் அட்டையைப் பார்த்து, "வெளியூர்ச் செடிங்களா? நம்மளுதுக்கு நோவு ஒட்டிக்குமுங்க" என்றார், சிரித்துக்கொண்டே.

இந்தமுறை இரண்டாம் தடவை சொல்ல விடவில்லை. உடனே வெளியே கொண்டுபோய் வைத்தேன். வலையின் நிழல் அட்டையின் பாதிவரை வந்தது. மறுபாதி வெயிலில் இருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்து கிள்ளத் தொடங்கினேன்.