நானூற்று முப்பத்தொன்பது உறுப்பினர்கள்

ஆல்பினா குபிச்செக் எட்டாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. 1932இல் அவள் அம்மா படுக்கையில் விழுந்தாள். அப்பாவுக்கும் நான்கு தம்பிகளுக்கும் ரொட்டி சுட ஆள் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு லூமிரைக் கட்டிக்கொண்டு, நெப்ராஸ்காவின் தென்கிழக்கு மூலையில் சோளமும் பன்றியுமாக இருபத்தைந்து வருடம் ஓடிப்போயிற்று. இரண்டு மகன்களும் வளர்ந்து ஒமாஹாவுக்கு வேலைக்குப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. சமையலறையில் கரண்டியைக் கீழே வைத்தால் அந்தச் சத்தம் அவளுக்கே திடுக்கென்றது. அப்போதுதான் தேவாலயத்தின் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புத் தாளில் நான்கு வரி பார்த்தாள். பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களைப் பிரெயிலில் எழுதித் தர ஆள் தேவை, வியாழக்கிழமைகளில் லிங்கன் நகரில் பயிற்சி என்றிருந்தது.

"நீ போயேன் ஆல்பி," என்றான் லூமிர். "வாரத்துல ஒரு நாளாவது என் மூஞ்சியப் பாக்காம இருக்கலாம்ல."

"அதுக்காகவே போறேன்," என்றாள்.

பயிற்சியை நடத்திய வினிஃப்ரெட் ஓக்ஸ் கறாரான பெண்மணி. முதல் நாள் ஒரு படிவம் கொடுத்தார். 'கல்வித் தகுதி' என்ற இடம் வந்ததும் ஆல்பினாவின் பேனா நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஓய்வு பெற்ற ஆசிரியைகள், டாக்டர்களின் மனைவிகள். அந்த ஒரு கோட்டை மட்டும் காலியாக விட்டுப் படிவத்தைக் கொடுத்தாள். ஓக்ஸ் அம்மையார் அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

பிரெயில் பொறிக்கு ஆறே விசைகள்; விசைக்கு ஒன்றாக, விரலால் தொட்டுப் படிக்கும் ஆறு புள்ளிகள். எல்லா எழுத்தும் எல்லா எண்ணும் அந்த ஆறு புள்ளிகளுக்குள் அடங்கவேண்டும். மாடு கறந்து பழகிய அவள் விரல்களுக்கு அது சீக்கிரமே பிடிபட்டது. சமையல் குறிப்புகள், ஜெபப் புத்தகம், கோழி வளர்ப்பு என்று மூன்று வருடம் எழுதித் தள்ளினாள்.

1966 கோடையில் ஓக்ஸ் அம்மையார் நான்கு தடித்த பாடப்புத்தகங்களை மேசையில் வைத்தார். மேற்கே மணற்குன்றுப் பகுதியில் மாட்டுப் பண்ணை ஒன்றில் லோர்னா டீட்டர்ஸ் என்று பதினாறு வயதுப் பெண். பார்வையில்லாதவர்களுக்கான விடுதிப் பள்ளி வேண்டாம், அண்ணன்கள் படித்த ஊர்ப் பள்ளியிலேயே படிப்பேன் என்று பிடிவாதம். அந்த வருடம் அவளுக்கு அமெரிக்க இலக்கியம், வரலாறு, அரசாங்கம், கட்டுரை எழுதும் முறை என்று நான்கு பாடம். இலக்கியத்தையும் வரலாற்றையும் கட்டுரையையும் மற்ற பெண்கள் போட்டி போட்டு எடுத்துக்கொண்டார்கள். அரசாங்கம் மட்டும் மேசையிலேயே கிடந்தது.

"இத நான் எடுத்துக்கறேன்," என்றாள் ஆல்பினா.

"கஷ்டமான புத்தகம் மிஸஸ் குபிச்செக். பூரா அட்டவணை, படம், எண்ணு."

"பரவால்ல, கோழிப் புத்தகத்துலயும் அட்டவணை இருந்துச்சு."

காலை வேலைகள் முடிந்ததும் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு வரை பொறியின் சத்தம்தான். அச்சுப் பக்கம் ஒன்று பிரெயிலில் மூன்று பக்கமாக நீளும்; ஒரே புத்தகம் பல தொகுதிகளாகப் பிரியும். ஒரு வாக்கியத்தை எழுத்து எழுத்தாக அடிக்கிறவளுக்கு அதைப் புரிந்துகொள்ளாமல் தப்பிக்க வழியில்லை. தனக்கு வாக்குரிமை இருக்கிறது என்று தெரியும், ஓட்டும் போட்டிருக்கிறாள். ஆனால் ஏன் இரண்டு சபைகள், யார் யாரைத் தடுக்கலாம் என்பதெல்லாம் நாற்பத்தெட்டாவது வயதில்தான் தெரியவந்தது. சாப்பாட்டு மேசையில் அது வழிந்தது.

"லூமிர், ஜனாதிபதி ஒரு மசோதாவத் திருப்பி அனுப்பிட்டார்னு வெச்சுக்கோ. அப்புறம் என்ன ஆகும் தெரியுமா?"

"எனக்கு சூப் ஆறிடும்."

ஒரு மசோதா எப்படிச் சட்டமாகிறது என்ற படம் வந்தபோது மூன்று நாள் திண்டாடினாள். கடைசியில் பிரதிநிதிகள் சபைக்கு வரிவரியான கார்டுராய் துணி, செனட் சபைக்கு உப்புக் காகிதம், மசோதா போகும் வழிக்குச் சணல் நூல் என்று அட்டையில் ஒட்டினாள். ஜனாதிபதிக்கு லூமிரின் பழைய கோட்டிலிருந்து பெரிய பொத்தான் ஒன்றைக் கத்தரித்துக்கொண்டாள்.

"நாட்டுக்கே நான்தான் பட்டன் குடுக்கணுமா?" என்றான் அவன், கோட்டைத் தூக்கிப் பார்த்து.

பள்ளி திறந்துவிட்டது. வழக்கமாக ஒவ்வொரு தொகுதியையும் இன்னொருவர் படித்துப் பிழை பார்ப்பார். இந்த முறை அதற்கு நேரமில்லை. முடிக்க முடிக்கத் தொகுதிகள் நேராகத் தபாலில் போயின. அக்டோபர் முடிவதற்குள் எட்டுத் தொகுதிகள் போய்விட்டன. இதற்கிடையில் கட்டுரைப் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்த பெண் ஊரை விட்டுப் போய்விட, அதுவும் ஆல்பினாவின் மேசைக்கே வந்தது.

நவம்பரில் ஒரு கனத்த உறை வந்தது. உள்ளே பிரெயிலில் லோர்னாவின் கடிதம்.

'அன்புள்ள திருமதி குபிச்செக், மூன்றாம் தொகுதி நாற்பத்தோராம் பக்கத்தில் பிரதிநிதிகள் சபைக்கு 439 உறுப்பினர்கள் என்று இருக்கிறது. தேர்வில் அப்படியே எழுதினேன். ஆசிரியர் திரு. ஹாலோவே தப்பு என்றார். என் புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது என்றேன். எல்லார் புத்தகத்திலும் 435 என்று இருக்கும்போது உன் புத்தகம் மட்டும் எப்படி மாறும் என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இதுவரை நான் மனப்பாடம் செய்ததில் எது சரி, எது தப்பு என்று எனக்கு இப்போது தெரியவில்லை. மற்றவர்கள் பக்கத்துப் பையனின் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இது ஒன்றுதான்.'

ஆல்பினா அடுப்பை அணைத்தாள். ஐந்துக்கு இடது ஆள்காட்டி விரலும் வலது நடுவிரலும். ஒன்பதுக்கு இடது நடுவிரலும் வலது ஆள்காட்டி விரலும். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். விரல் ஒரு கணம் மாறியிருக்கிறது. எந்த நாளில், எதை நினைத்துக்கொண்டிருந்தபோது என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள்.

மறுநாளே லிங்கனுக்குப் போனாள்.

"படிவத்துல ஒரு எடத்தக் காலியா விட்டேன்," என்றாள் ஓக்ஸ் அம்மையாரிடம், நின்றபடியே. "நான் எட்டாவதுதான். இந்த வேலைய எங்கிட்டக் குடுத்திருக்கக் கூடாது. வேற யார்கிட்டயாவது குடுத்திடுங்க."

"உக்காருங்க மொதல்ல. காலியா விட்டா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? டாக்டர் பட்டம் வாங்கினவங்களுக்கும் அஞ்சும் ஒம்பதும் மாறும். பிழை பாக்காம அனுப்பினது நான். அது என் தப்பு."

"அந்தப் பொண்ணப் பாத்து வகுப்பே சிரிச்சிருக்கு."

"ஆமா. அதுக்கு என்ன செய்யலாம்னு யோசிங்க. ராஜினாமா பண்ணா அவளுக்கு மீதிப் புத்தகம் யாரு எழுதறது?"

எழுதிய தாள்களுக்கு வேறு பிரதி கிடையாது. சரிபார்க்க வேண்டுமானால் லோர்னாவிடம் இருப்பதைத்தான் பார்க்கவேண்டும். திருப்பி அனுப்பச் சொன்னால் அவள் பாடம் நின்றுவிடும். ஆல்பினா இதை லூமிரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் கடைசிச் சோளத்தை அறுத்து முடித்திருந்தான்.

"பன்றிங்கள ரெண்டு நாள் பக்கத்துப் பண்ணைக்காரன் பாத்துப்பான்," என்றான். "வண்டிக்கு எண்ணெய் மாத்திட்டேன். எத்தன மணிக்குக் கெளம்பறோம்?"

ஆறு மணி நேரப் பயணம். மடியில் பிளம் பழம் வைத்துச் சுட்ட கோலாச் ரொட்டிகள், காலடியில் அரசாங்கப் பாடப்புத்தகம். மேற்கே போகப் போக மரங்கள் குறைந்து, புல் மூடிய மணல் மேடுகளும் காற்றும் மட்டும் மிஞ்சின.

வாசலில் நின்ற லோர்னா நெடுநெடுவென்று வளர்ந்த பெண். சடையை இறுக்கிப் பின்னியிருந்தாள். "நீங்க வருவீங்கன்னு நெனைக்கவேயில்ல," என்றாள். "ஒரு லெட்டர் போடுவீங்கன்னுதான் நெனச்சேன். கோவிச்சுக்கிட்டு."

"நான் எதுக்குடா கண்ணு கோவிச்சுக்கணும்?"

லூமிரும் லோர்னாவின் அப்பாவும் பழுதான காற்றாலையைப் பார்க்கப் போனார்கள். அம்மா காப்பி போட்டு வைத்துவிட்டு வெளியே போனாள். சமையலறை மேசையின் ஒரு பக்கம் லோர்னா, முதல் தொகுதியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு. எதிரே அச்சுப் புத்தகத்தோடு ஆல்பினா.

லோர்னா படிக்கத் தொடங்கினாள்.

தான் அடித்த புள்ளிகள் இன்னொருவர் வாயில் குரலாக வருவதை ஆல்பினா அதுவரை கேட்டதேயில்லை. லோர்னாவின் விரல்கள் தாளில் நிற்காமல் ஓடின. ஆல்பினா அரை மணி நேரம் உட்கார்ந்து அடித்த பக்கத்தை அவள் ஒரு நிமிடத்தில் கடந்தாள். கேட்கக் கேட்க ஆல்பினாவின் கன்னம் நனைந்தது. முகத்தைத் துடைத்தால் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது என்று நினைத்துத் துடைத்தாள்.

"அழறீங்களா?" என்றாள் லோர்னா.

"ஜலதோஷம்."

"எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் அடிக்கடி ஜலதோஷம் வரும்."

மசோதாப் படம் வந்தது. லோர்னாவின் விரல் சணல் நூலைப் பிடித்துக்கொண்டு கார்டுராயிலிருந்து உப்புக் காகிதத்துக்குப் போய், பொத்தானில் நின்றது. "இந்தப் படத்த என் வகுப்புல எல்லாரும் கடன் கேட்டாங்க. அவங்க புத்தகத்துல இருக்கறத விட இதுதான் புரியுதாம். ஜனாதிபதி யாரோட பட்டன்?"

"வெளிய ஏணி மேல நிக்கறாரே, அவரோடது."

சனிக்கிழமை முழுவதும், ஞாயிறு காலையில் பிரார்த்தனை முடிந்த பிறகும் படித்தார்கள். எட்டுத் தொகுதிகளில் மொத்தம் ஏழு பிழைகள். கொண்டுவந்த பொறியில் ஆல்பினா அந்த ஏழு பக்கங்களையும் புதிதாக அடித்துக் கொடுத்தாள். லோர்னா ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துத் தன் கையாலேயே தொகுதியில் கோத்தாள்.

"ஸ்கூல்ல உங்களுக்கு இந்தப் பாடம் பிடிச்சுதா?" என்று கேட்டாள் அப்போது.

"நான் எட்டாவதோட நின்னுட்டேன் லோர்னா. இத இப்பதான் படிக்கறேன். உனக்கு நாலு பக்கம் முன்னாடி நான் போறேன், அவ்வளவுதான்."

லோர்னா கடைசிப் பக்கத்தையும் கோத்து முடித்தாள். பிறகு, "அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே வகுப்பு," என்றாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் ஆல்பினா திரு. ஹாலோவேக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். சொல்ல வந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லவேண்டும் என்று கட்டுரைப் புத்தகத்தில் அந்த வாரம்தான் அடித்திருந்தாள். நான்கு தாளைக் கிழித்துப் போட்ட பிறகு ஐந்தாவது தேறியது. 'ஐயா, தவறு என்னுடையது, லோர்னாவுடையது அல்ல. அவள் தன் புத்தகத்தை நம்பினாள். நீங்களும் மற்ற மாணவர்களும் உங்கள் புத்தகத்தை நம்புவதுபோலவே.' லூமிர் அதை இரண்டு முறை படித்தான். கிண்டலாக ஏதாவது சொல்வான் என்று பார்த்தாள். அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு, தானே எடுத்துப் போய்த் தபாலில் சேர்த்தான்.

ஹாலோவே அந்தக் கடிதத்தை வகுப்பில் உரக்கப் படித்ததாகவும், மதிப்பெண்ணைத் திருத்திவிட்டு எல்லார் முன்னாலும் தன்னிடம் மன்னிப்புக் கேட்டதாகவும் லோர்னா எழுதியிருந்தாள். அதோடு ஒரு கேள்வியும் வந்தது. கட்டுரைப் புத்தகத்தின் இரண்டாம் பாடத்தில், தெரிந்த ஓர் இடத்தை இருநூறு சொற்களில் எழுதச் சொல்லியிருக்கிறதே, நீங்கள் எழுதினால் எந்த இடத்தை எழுதுவீர்கள்? ஆல்பினா பன்றிக் கொட்டிலைப் பற்றி எழுதி அனுப்பினாள். லோர்னா மழைக்கு முன் மணல் மேட்டின் வாசனையைப் பற்றி எழுதினாள். அந்த வருடப் பயிற்சிகள் அத்தனையையும் இரண்டு பேரும் இப்படியே செய்து முடித்தார்கள்.

1968 வசந்தத்தில் லோர்னா பள்ளிப் படிப்பை முடித்தாள். அதே மாதம், பள்ளியை விட்ட பெரியவர்களுக்காக நடத்தும் தேர்வை ஆல்பினா எழுதினாள். வற்புறுத்தி எழுதவைத்தது லோர்னாதான். இலக்கியம், சமூகப் பாடம், கட்டுரை மூன்றிலும் நல்ல மதிப்பெண். அறிவியலில் தேறினாள். கணக்கில் கவிழ்ந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை ஓக்ஸ் அம்மையார் முன் போய் நின்றாள். "எனக்கு அடுத்தது அல்ஜீப்ரா புத்தகம் வேணும்."

"அத இதுவரைக்கும் யாருமே கேட்டு வாங்கினதில்லையே!"

"அதான் கேக்கறேன். ஒரு தடவ அடிச்சா மண்டைல ஏறிடும்."

ஏறத்தான் செய்தது. 1969 கோடையில் கணக்கும் தேறி, சான்றிதழ் தபாலில் வந்தது. அதைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டவேண்டும் என்று லூமிர் ஒற்றைக்காலில் நின்றான். விருந்தாளிகள் முன் கூச்சமாக இருக்கிறது என்று அவள் மறுத்தாள். கடைசியில் அது படுக்கையறையில், அவன் எழுந்திருக்கும்போது கண்ணில் படுகிற பக்கத்தில் தொங்கியது.

லோர்னா அப்போது லிங்கனில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் பண்ணைக்கு வருவாள். அப்படி வந்த ஒரு நாள், சாப்பாட்டுக்குப் பிறகு, ஆல்பினா பிரெயிலைக் கண்ணால்தான் படிக்கிறாள், விரலால் அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது என்று பேச்சோடு பேச்சாகத் தெரியவந்தது. லோர்னா வாய்விட்டுச் சிரித்தாள்.

"இத்தன வருஷமாவா? கண்ண மூடுங்க. மூடிட்டீங்களா? லூமிர், மூடியிருக்காங்களா?"

"ஒத்தக் கண்ணு தெறந்திருக்கு," என்றான் லூமிர்.

ஆல்பினா இறுக மூடிக்கொண்டாள். லோர்னா அவளுடைய காய்த்துப்போன ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தாளின் முதல் வரியில் வைத்து, மெதுவாக நகர்த்தினாள். மணலைத் தடவுவதுபோல் இருந்தது. ஒன்றும் பிடிபடவில்லை.

"அழுத்தாதீங்க. சும்மா தொட்டுக்கிட்டே போங்க. அவசரமே இல்ல."

மேசையில் மூவருடைய காப்பியும் ஆறிக்கொண்டிருந்தது. ஆல்பினாவின் விரல் மறுபடியும் வரியின் தொடக்கத்துக்குப் போயிற்று.