நீதிபதி வீட்டுக்குப் போன மீன்

எங்கள் வீட்டுக்கு வரும் வழியைப் பக்கத்து வீட்டு மீன் வியாபாரி மதில் கட்டி அடைத்துவிட்டார். அப்பா வழக்குப் போட்டார். வீட்டில் முதலில் படித்தவன் நான் என்பதால், நான் காட்டும் இடத்தில் அப்பா கையெழுத்துப் போடுவார்.

ஒருநாள் காலையில் அந்த மீன்காரர் பெரிய நெய்மீனோடு எங்கள் வழக்கை விசாரிக்கும் நீதிபதியின் வீட்டுக்குள் போவதைப் பார்த்தேன். மீன்காரர் கேட்டபோதெல்லாம் வாய்தா கிடைத்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்ததாக நினைத்தேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு நேராக எங்கள் வக்கீல் வீட்டுக்குப் போனேன்.

"ஜட்ஜுக்கு மீன் லஞ்சம் போகுது சாரே. கேஸை வேற கோர்ட்டுக்கு மாத்தச் சொல்லி ஜில்லா கோர்ட்ல மனு போடணும்."

"லஞ்சம்னு உங்க அப்பா சத்தியம் பண்ணி எழுதித் தரணும். பொய்யானா அவருதான் மாட்டுவாரு, கேட்டியா?"

அப்பா உடனே பேனா கேட்டார். அந்நேரம் வாசலில் ஹாரன் சத்தம். அதே மீன்காரர்! ஒரு நிமிஷம் வக்கீல் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

வக்கீலின் மனைவி வெளியே போய், "இதென்ன கொள்ளை விலை? ஜட்ஜ் வீட்டம்மா பேசாம இந்த விலையத் தந்தாவளா?" என்று கத்தினார்.

"அவியளும் இப்படிச் சண்டை போட்டுத்தான் வாங்கினாவ அக்கா" என்றார் மீன்காரர்.

வக்கீல் சிரித்தார். "நானும் அவன்ட்டதான் மீன் வாங்குகேன். என்னையும் மாத்துவியா மக்கா?"

மனு போடவில்லை. சந்தேகம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போது கண்ணால் பார்த்ததை மட்டும் அப்பாவிடம் சொல்கிறேன். நானாக நினைத்ததைச் சேர்ப்பதில்லை. அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர்.