அரிவாள்மணைக்கு நான்கு கால்

என் மனைவி என் கைவேலையைக் குறை சொன்னது இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான். குறட்டையைச் சொல்லியிருக்கிறாள், முன்கோபத்தைச் சொல்லியிருக்கிறாள், மார்க்கெட்டுக்குப் போனால் முற்றின வெண்டைக்காயாகப் பார்த்துப் பொறுக்கி வருவதைச் சொல்லியிருக்கிறாள். கைவேலையைச் சொன்னதில்லை. தங்கச் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக ஷிஃப்ட் பார்த்தவன் நான். சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூருக்கு தினம் ரயிலேறிப் போய் அங்கேயும் அதே வேலையைத்தான் பார்த்தேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு போய் இப்படி ஒரு பேர் வாங்குவேன் என்று நினைக்கவில்லை.

போன வருடம் அவளுக்கு வலது முட்டியில் ஆபரேஷன் நடந்தது. நடக்கலாம், நாற்காலியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், தரையில் மட்டும் இனி உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இவ்வளவுதானா என்று சந்தோஷமாக எங்கள் ஊரான ஊரிகத்துக்குத் திரும்பினோம். மறுநாள் காலையில்தான் விஷயம் புரிந்தது. எங்கள் வீட்டில் காய் நறுக்குவது, மீன் ஆய்வது, தேங்காய் துருவுவது எல்லாமே தரையில், அரிவாள்மணையில்.

அந்த அரிவாள்மணை நான் செய்தது. கல்யாணமான புதிதில், இரும்பு அறுக்கும் பெரிய ரம்பத்திலிருந்து பல் தேய்ந்து கழித்துப் போட்ட பிளேடு ஒன்றைக் கேட்டு வாங்கி, சாணையில் வளைவு எடுத்து, நுனியில் துருவுபல்லும் எடுத்து, பலாப் பலகையில் இறுக்கிக் கொடுத்தேன். சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய எங்கள் லைனில் பல வீடுகளில் இந்த மாதிரிதான். கடை இரும்பு மாதத்துக்கு ஒரு தடவை சாணை கேட்கும், இது வருடத்துக்கு ஒரு தடவை கேட்டால் அதிகம். பலகையில் அவள் உட்காரும் இடம் மட்டும் வழவழவென்று பள்ளம் விழுந்திருக்கிறது.

சமையல் மேடை முன்னால் நின்றுகொண்டு கத்தியால் நறுக்கிப் பார்த்தாள். பீன்ஸ் விரல் தடிமனில் விழுந்தது. அரிவாள்மணையில் இரும்பு ஒரே இடத்தில் நிற்கும், காயைப் பிடிக்க இரண்டு கையும் இருக்கும். கத்தியில் ஒரு கை கத்திக்கே போய்விடுகிறது. மீன் இரண்டு தடவை கையை விட்டு நழுவித் தொட்டிக்குள் போனது. மூன்றாவது வாரத்திலிருந்து நறுக்குவது என் வேலையாகிவிட்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டாள். அது எனக்குப் பயமாக இருந்தது.

பெங்களூரில் இருக்கும் மகன், எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு தன்னுடனேயே வந்துவிடச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். எப்போதும் சிரித்து மழுப்புகிறவள், இந்தத் தடவை சரி என்று சொல்லிவிட்டாள். இங்க இருந்து நான் இன்னா பண்ணப் போறேன் என்று என்னைப் பார்க்காமலேயே சொன்னாள். அடுத்த மாதம் வண்டியோடு வருவதாக அவன் நாள் குறித்துவிட்டான்.

எனக்குப் போக இஷ்டமில்லை. காற்றடித்தால், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து புழுதி வந்து சோற்றில் விழுகிற ஊர்தான். இருந்தாலும் என் ஊர். அவள் நறுக்க முடிந்தால் நாங்கள் இங்கே இருப்போம், முடியாவிட்டால் போவோம். கணக்கு இவ்வளவுதான் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டு வேலையில் இறங்கினேன்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு விதி உண்டு. ஆள் நின்றால் அவன் முழங்கை உயரத்தில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் இருக்கவேண்டும். அவளை நிற்கவைத்து முழங்கையை அளந்தேன். பங்காருபேட்டையில் புது அரிவாள் ஒன்று வாங்கிவந்து, சமையல் மேடையின் விளிம்பில் மரை போட்டு அந்த உயரத்துக்கு முடுக்கினேன். யானையைக் கட்டினாலும் அசையாது. பெருமையோடு அவளைக் கூப்பிட்டேன். அவள் எதிரில் நின்று பார்த்தாள். அரிவாள் நேராக அவள் நெஞ்சைப் பார்த்து நின்றது. ஒரு கத்தரிக்காயை வைத்து அழுத்தினாள், பாதி போய் நின்றுவிட்டது.

"மெஷினுக்குத்தான் நீங்க ஃபிட்டரு போல கீது. மனுசாளுக்கு இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுக் கத்தரிக்காயை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஞாயிறு கோயில் பூசை முடிந்து வந்து, அதே புடவையில் அரிவாள்மணையில் உட்கார்ந்துவிடுகிற ஆள். என் வீட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரையே பார்த்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்னாண்ணா, உங்களுக்கும் எதனா ஆபரேஷனா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் எனக்காகவே மெதுவாக நறுக்கிக் காட்டினார். அப்போதுதான் கண்ணில் பட்டது. கை அழுத்தவே இல்லை. உடம்பு முன்னால் சாய்கிறது, கை சும்மா கூடப் போகிறது. பலகையைப் பிடித்திருப்பது மரையும் இல்லை ஆணியும் இல்லை, மேலே உட்கார்ந்திருக்கிறவரின் கனம். இத்தனை வருடம் தினமும் இரண்டு வேளை என் வீட்டிலேயே நடந்ததை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

அவள் உட்கார்ந்தால்தான் பலகை நிற்கும். தரையில் உட்காரக் கூடாது. அப்படியென்றால் பலகைதான் நாற்காலி உயரத்துக்கு எழுந்து வரவேண்டும். மறுபடி பங்காருபேட்டைக்குப் போய் மூன்றடி நீளத்தில் கனமான பலாப் பலகை எடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். நான்கு கால் செதுக்கி, சாயாமல் இருக்க வெளிப்பக்கமாக விரித்து மாட்டினேன். ஒரு முனையில் அவள் உட்காருவாள், மறுமுனையில் அரிவாள். புடவை கட்டியவள் கால் இரண்டையும் ஒரே பக்கமாகத்தான் தொங்கவிடுவாள் என்பதால் அரிவாளையும் அந்தப் பக்கமாகச் சற்றுத் திருப்பி வைக்கத் துளை போட்டேன்.

புது அரிவாளை மாட்டப் போனபோது அவள் வந்து நின்றாள். பழையதைக் கழற்றி இதில் போடச் சொன்னாள். எனக்குக் கை வரவில்லை. அதைக் கழற்றினால் பழைய பலகை வெறும் கட்டை. இதுவும் சரிப்படாவிட்டால் இரண்டும் போய்விடும். கழட்டுங்க என்று இன்னொரு தடவை சொன்னாள். ரிவெட்டைச் சீவி எடுத்தேன். இரும்பில் ஒரு கீறல் இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள். பீன்ஸைக் கத்தையாகச் சேர்த்துப் பிடித்து முன்னால் சாய்ந்தாள். பொடிப் பொடியாகத் தட்டில் விழுந்தது. முழுக் கூடையையும் நறுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். பிறகு, இத்தனை நாள் நான் நறுக்கிய பீன்ஸ் மாடு தின்னக்கூட லாயக்கில்லை என்று ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேட்கக் கேட்க எனக்குக் குளிர்ந்தது.

ஆனால் போவது பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. குறித்த நாளில் மகன் வண்டியோடு வந்துவிட்டான். மீன் குழம்பு வைத்துப் போட்டாள். மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டுச் சாமான்களை ஏற்றத் தொடங்கியவன், அம்மாவுக்கு இது முக்கியம் என்று நினைத்து முதலில் பெஞ்சைத்தான் தூக்கினான்.

"அத்த எறக்கி வைடா," என்றாள். "ஒரு பத்து நாளு வந்து பேரப்புள்ளைய பாத்துட்டு வந்துர்றோம். இது இங்கியே இருக்கட்டும்."

அன்றைக்குச் சரி என்று சொன்னாயே என்று அவன் கேட்டான். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, பதிலை அவனுக்குச் சொல்லாமல் எனக்குச் சொன்னாள்.

"வேல செய்ய முடியலன்னா சொந்த ஊட்லயே நான் விருந்தாளிதான? அதுக்குப் புள்ள ஊட்லயே விருந்தாளியா இருக்கலாம்னு நெனச்சேன்."

நான் ஊரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அத்தனை மாதம் அந்த நாற்காலியில் என்னவாக உட்கார்ந்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கண் கலங்கியதை மகன் பார்க்காமலிருக்கத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

வண்டி ஏறும்போது, மகன் வீட்டுச் சமையலறை சின்னது, அங்கே வைக்க இரண்டடியில் ஒன்று போதும் என்றாள். நான் வீட்டுக்குள் திரும்பிப் போய் இஞ்ச் டேப்பை எடுத்துவந்தேன்.